அட்வான்ஸ் கொடுக்கும் முன்: வீடு வாங்குவோர் கேள்விகளும் பதில்களும்

வீடு வாங்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன். நான் கட்டடப் பொறியாளன். அதனால் சுவரையும் தண்ணீரையும் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

கேள்வி: சார், கொஞ்சம் பழைய வீடு ஒன்று பார்த்தோம். புதுப் பெயிண்ட் அடித்துப் பளிச்சென்று இருக்கிறது. ஹால் ஜன்னலின் மூலையிலிருந்து ஒரு விரிசல் போகிறது. "வெறும் பூச்சு விரிசல்தான்" என்கிறார் உரிமையாளர். நம்பலாமா?

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நீங்களே பார்த்துவிடுங்கள். பூச்சு காயும்போது சுருங்குவதால் வரும் விரிசல் தலைமுடி அளவுக்குத்தான் இருக்கும், பெரும்பாலும் வலை போலப் பரவியிருக்கும். ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஏறுகிற விரிசல் அப்படியல்ல. அது ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தால், அஸ்திவாரம் ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும்.

வெளியே போய் அதே சுவரின் மறுபக்கத்தைப் பாருங்கள். அதே இடத்தில் அங்கேயும் விரிசல் தெரிந்தால் அது பூச்சோடு நிற்கவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் இருக்கும் கதவைத் திறந்து மூடுங்கள். தரையிலோ சட்டத்திலோ உரசினால் அதுவும் ஒரு தடயம். புதுப் பெயிண்டையும் கிழித்துக்கொண்டு விரிசல் வந்திருந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் இருந்தால் பொறியாளர் பார்க்காமல் பேரம் பேசவே வேண்டாம்.

தூண்களையும் உத்தரங்களையும் விட்டுவிடாதீர்கள். நீளவாக்கில் விரிசல் ஓடி, அதன் ஓரத்தில் பழுப்புக் கறை தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும்; கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். மேலே சிமெண்ட் பூசி மறைத்தால் இது சரியாகாது.

"ஒரு பொறியாளரைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா?" என்று உரிமையாளரிடம் கேளுங்கள். மறுத்தால் அந்த வீட்டை விட்டுவிடுவதுதான் என் யோசனை.

கேள்வி: வெயில் காலத்தில் வீடு பார்க்கிறோம். மழையில் ஒழுகுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முடிந்தால் ஒரு மழைக்கு அப்புறம் இன்னொரு முறை போங்கள். முடியாவிட்டாலும் தண்ணீர் தடம் விட்டுத்தான் போகும். சுவரின் அடிப்பகுதியில், தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்குள் வெள்ளையாக உப்புப் பூத்தோ பெயிண்ட் கொப்புளித்தோ இருந்தால் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. கூரையில் மஞ்சள் வளையம் தெரிந்தால் மேலிருந்து இறங்குகிறது. அதற்கு நேர் மேலே குளியலறை இருக்கிறதா, மொட்டை மாடி இருக்கிறதா என்று பாருங்கள். குளியலறைக் கசிவுக்கும் மழைக் கசிவுக்கும் வைத்தியம் வேறு. அறை முழுக்கப் பழைய பெயிண்ட் இருக்க, ஒரு சுவருக்கு மட்டும் புதிதாக அடித்திருந்தால் ஏன் என்று கேட்டே ஆக வேண்டும். அலமாரிக்குப் பின்னாலும் கழுவுதொட்டிக்கு அடியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். பூஞ்சை வாடையைப் பெயிண்டால் ரொம்ப நாள் மறைக்க முடியாது.

அப்புறம், குளியலறைத் தரையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிகாலை நோக்கி ஓட வேண்டும், மூலையில் தேங்கக் கூடாது. இரண்டு குழாய்களை ஒரே நேரத்தில் திறந்து வேகம் குறைகிறதா என்றும் பாருங்கள். வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று பலர் இதைச் செய்யத் தயங்குகிறார்கள். வாழ்நாள் சேமிப்பைப் போடப் போகிறவர் நீங்கள், தாராளமாகச் செய்யுங்கள்.

கேள்வி: "இன்னொரு பார்ட்டி ரெடியாக இருக்கிறார், இன்று இரவே அட்வான்ஸ் கொடுங்கள்" என்கிறார் புரோக்கர். என்ன செய்வது, ஐயா?

கொடுக்காதீர்கள். அவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், பார்க்காமல் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. எப்போது கொடுத்தாலும் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். கடன் கிடைக்காவிட்டாலோ, பத்திரத்தில் வில்லங்கம் இருந்தாலோ முழுத் தொகையும் திரும்பி வரும் என்ற வரி அதில் இருக்கட்டும்.

கேள்வி: கடனை 15 வருடத்துக்கு எடுப்பதா, 20 வருடத்துக்கா?

ஆண்டு வட்டி 9 சதவீதம், மாறாது என்று வைத்துக் கணக்குப் போடுவோம். 100 கடன் வாங்கினால் 20 வருடத்தில் ஏறக்குறைய 216 கட்டுவீர்கள். 15 வருடத்தில் சுமார் 183. மாதத் தவணை கிட்டத்தட்ட 13 சதவீதம்தான் கூடுகிறது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. 20 வருடக் கடனின் முதல் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போய்விடும். அசலில் பாதி அடைய 14 வருடம் ஆகும். ஆகவே கையில் உபரி வந்தால் ஆரம்ப வருடங்களிலேயே அசலில் கட்டுங்கள். அதற்கு அபராதம் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தவணை கழுத்தை நெரிக்கும் என்றால் நீண்ட காலமே எடுங்கள், தப்பில்லை.

கேள்வி: வங்கியின் வக்கீல் பத்திரம் பார்த்துவிட்டார். தனியாக ஒருவர் வேண்டுமா?

வேண்டும். வங்கி வக்கீல் பார்ப்பது வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்பதை. உங்களுக்காகப் பேச ஒருவர் வேண்டும். நகலை வைத்து முடிவெடுக்காமல் மூலப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பூர்வீகச் சொத்தாக இருந்தால் வாரிசுகள் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறார்களா என்பதுதான் முதல் கேள்வி.

கேள்வி: அடுக்குமாடியில் சொல்கிற அளவுக்கும் உள்ளே இருக்கிற அளவுக்கும் ஏன் இத்தனை வித்தியாசம்?

படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதையில் உங்கள் பங்கையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். டேப் வைத்து உள்ளே அளந்து, அந்த அளவால் விலையை வகுத்துப் பாருங்கள். இரண்டு வீடுகளை ஒப்பிடவும் அதுவே சரியான வழி. பராமரிப்புச் சங்கத்தில் எவ்வளவு இருப்பு இருக்கிறது, விற்பவருக்கு பாக்கி உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாவி வாங்கும் அன்று என்ன பார்க்க வேண்டும்?

மின்சார, தண்ணீர் மீட்டர்களைப் படம் எடுங்கள். தருவதாகச் சொன்ன மின்விசிறி, வாட்டர் ஹீட்டர் எல்லாம் இருக்கிறதா என்று பட்டியலோடு சரிபாருங்கள். வாசல் கதவுப் பூட்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். பழைய சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாமல் இருக்கலாம்.