பழைய ஆம்னி வேனின் எஞ்சினை வீட்டிலேயே மாற்றலாமா?

கடலூரில் வீட்டு வாசலில் நிற்கும் பழைய மாருதி ஆம்னியைத் தங்கிப் பயணிக்கும் வண்டியாக்கி, எஞ்சினையும் நாமே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம், ஆனால் முதலில் தரைத்தகட்டைப் பாருங்கள், ஏனெனில் கடலோர உப்புக்காற்று அதை விட்டுவைப்பதில்லை. தரைவிரிப்பை உரித்து ஸ்குரூ டிரைவரால் குத்தும்போது தகடு பொரபொரவென உதிர்ந்தால், அவ்விடத்தை வெட்டிப் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்யாமல் கட்டிலைப் பொருத்த வேண்டாம். முன் இருக்கைகளுக்கு அடியிலுள்ள 796 சிசி எஞ்சினை இறக்குமுன் பேட்டரி இணைப்பை நீக்கி, ஒவ்வொரு ஒயரிலும் எண் எழுதிய டேப்பை ஒட்டுங்கள். திரும்ப மாட்டும்போது, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கிளட்ச் பிளேட் சரியாக நடுவில் அமையாவிட்டால் கியர்பாக்ஸ் தண்டு உள்ளே நுழையவே நுழையாது. அப்போது போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள், பாகம் உடைந்துவிடும். எஞ்சினை மாற்ற 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் ஒப்புதல் தேவை என்பதால், எஞ்சின் வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.