பையன் கால் நன்றாக இருக்கிறது, ஷூதான் சரியில்லை

கேள்வி: என் மகனுக்கு 1 வயது 10 மாதம். ஷூ போட்டாலே அழுது உதறி எறிகிறான். கடையில் காலைப் பார்த்துவிட்டு, “தட்டைப் பாதம், ஸ்பெஷல் ஷூ போடாவிட்டால் கால் வளைந்துவிடும்” என்று 2,800 ரூபாய் ஜோடி ஒன்றைக் காட்டினார்கள். ஜூனில் பிளே ஸ்கூல், அங்கே கறுப்பு ஷூ கட்டாயம். என்ன செய்வது? – திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தாய்

பதில்: முதலில் அந்த ஷூவை வாங்காதீர்கள் அம்மா. இந்த வயதில் எல்லாக் குழந்தைக்கும் பாதம் தட்டையாகத்தான் தெரியும். உள்ளங்காலில் கொழுப்பு மெத்தை மாதிரி நிரம்பியிருப்பதால் குழிவு வெளியே தெரிவதில்லை. 5, 6 வயதுவாக்கில் அது மெல்ல எழும், சிலருக்கு இன்னும் தாமதமாகும். ஷூ போட்டு அதை எழுப்ப முடியாது. 1989-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 129 குழந்தைகளை 3 ஆண்டுகள் கவனித்தார்கள். ஸ்பெஷல் ஷூவும் அதற்குள் வைக்கும் இன்சோல் மெத்தையும் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. நம் நாட்டு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளைப் பார்த்து 1992-இல் வெளியிட்ட ஆய்வோ, வெறுங்காலில் வளர்ந்தவர்களைவிட ஷூ போட்டு வளர்ந்தவர்களிடம்தான் தட்டைப் பாதம் அதிகம் என்றது.

இதையெல்லாம் விற்பவர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். இப்போது அபார்ட்மென்ட், பிளே ஸ்கூல் என்று ‘இலவசப் பாதப் பரிசோதனை’ முகாம் போடுகிறார்கள். கண்ணாடிப் பலகைமேல் குழந்தையை நிறுத்தி, கம்ப்யூட்டரில் சிவப்பும் மஞ்சளுமாகப் படம் காட்டுவார்கள். இரண்டு வயதுக் குழந்தை யார் ஏறி நின்றாலும் அதில் பாதம் தட்டையாகத்தான் விழும். உடனே ஒரு ஜோடி இன்சோலுக்கு ஆர்டர் எழுதுவார்கள். ஒரு ஏஜென்ட் என் கிளினிக்குக்கே வந்து, அனுப்புகிற ஒவ்வொரு குழந்தைக்கும் இவ்வளவு கமிஷன் என்று பேசினார். வெளியே போகச் சொன்னேன். பிள்ளை பெற்றவர்களின் பயத்தை வைத்துச் சம்பாதிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சரி, உங்கள் மகன் ஏன் அழுகிறான்? பெரும்பாலும் அடிப்பகுதி விறைப்பாக இருக்கும், அல்லது முன்பக்கம் குறுகலாக இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மூடிய ரெக்ஸின் ஷூவுக்குள் கால் வெந்துபோகும். சாக்ஸின் தையல் விரலில் உறுத்தினாலும் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

அளவு எடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கடைக்காரர் ஷூ நுனியைக் கட்டைவிரலால் அமுக்கி “இடம் இருக்கு” என்பார். அந்த நேரத்தில் குழந்தை விரலை உள்ளே மடக்கியிருக்கும். அதை நம்பாதீர்கள். சாயங்காலம் வீட்டில் ஒரு தாள்மேல் அவனை நிற்க வையுங்கள், உட்கார்ந்திருக்கும்போது வேண்டாம். இரண்டு பாதத்தையும் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் 1 செ.மீ., அதாவது உங்கள் சுண்டுவிரல் அகலம், சேர்த்து வெட்டிக்கொள்ளுங்கள். கடையில் அந்தத் தாளை ஷூவுக்குள் விட்டுப் பாருங்கள். மடங்காமல் தட்டையாகப் படிந்தால் அதுதான் அளவு. 5, 6 என்று அட்டையில் போட்டிருக்கும் நம்பரைப் பார்க்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குழந்தைச் செருப்பு விற்கும் கடையில் பாதம் அளக்க ஒரு பலகைகூட வைக்க மாட்டேன் என்கிறார்களே!

அப்புறம் ஷூவைக் கையில் எடுத்து வளையுங்கள். விரல் மடங்கும் இடத்தில் சுலபமாக வளைய வேண்டும். குதிகால் பக்கம் கொஞ்சம் உறுதியாக இருக்கட்டும். வாய் அகலமாகத் திறந்து, வெல்க்ரோ பட்டையால் ஒட்டுவதாக இருந்தால் காலைத் திணிக்க வேண்டியிருக்காது. என்னைக் கேட்டால் முன்பக்கம் விரலை மூடி, பக்கவாட்டில் காற்று போகும் சாண்டல் போதும். 300, 400 ரூபாயில் புதுச்சேரி நேரு வீதியிலோ உங்கள் ஊர் இம்பீரியல் ரோட்டிலோ தேடிப் பாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அளவு மாறிவிடும், அதனால் விலை உயர்ந்ததும் வேண்டாம், ‘வளர்ந்தால் போடுவான்’ என்று பெரிதாகவும் வேண்டாம்.

வீட்டுக்குள் வெறுங்காலோடு விடுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போகும்போது, வாசலில் வைத்துச் சாண்டலை மாட்டிவிட்டு உடனே கிளம்புங்கள். போட்டால் வெளியே போகலாம் என்று அவனுக்குப் பிடிபடட்டும். கால் மணி நேரம் கழித்துக் கழற்றிப் பாருங்கள், சிவந்த தடம் இருந்து அது சீக்கிரம் மறையவில்லையென்றால் அந்த ஜோடி சரியில்லை. பைக்கில் முன்னால் உட்கார வைத்துப் போகும்போது மட்டும் அழுதாலும் போட்டே ஆக வேண்டும். இறங்கும்போது சைலன்சரில் பட்டுக் கால் வெந்த குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு ஒன்று. பிறவியிலேயே பாதம் உள்பக்கம் மடங்கி, மாவுக்கட்டுப் போட்டுச் சரிசெய்த குழந்தை உங்களுடையது என்றால் நான் மேலே சொன்னது உங்களுக்கு இல்லை. அந்தக் கம்பி வைத்த ஷூவை அழுகிறானே என்று கழற்றிவிடாதீர்கள். முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு 4 வயது வரை தூங்கும் நேரத்தில் என்று மருத்துவர் சொன்ன கணக்கு மாறக் கூடாது. பாதம் நேராகிவிட்டதே என்று நிறுத்தினால் திரும்ப மடங்கும், திரும்பவும் மாவுக்கட்டுதான். ஷூ சிறிதாகிவிட்டால், புண் வந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மத்திய அரசின் குழந்தை நலத் திட்டத்தில் 2013 முதல் இந்தப் பிறவிக் கோளாறுக்கு இலவச சிகிச்சை உண்டு. ஆனால் அங்கன்வாடியில் கேட்டால்தான் பல பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிகிறது.

உங்கள் பிளே ஸ்கூல் விஷயம். இரண்டு வயதுக் குழந்தைக்குக் கறுப்பு ஷூ கட்டாயம் என்பதற்கு மருத்துவக் காரணம் ஒன்றுகூட இல்லை. சேர்க்கும்போதே, மூடிய சாண்டல் போட்டு அனுப்புகிறேன், வகுப்பறைக்குள் கழற்றி விடுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். மறுத்தால் குழந்தை மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கிக் காட்டுங்கள்.