பெரிய கூலர்தான் வேண்டுமா?

வெயில் ஏற ஏற இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளும் மாறிவிடும். தை, மாசியில் கிராபிக்ஸ் கார்டு பற்றிக் கேட்டவர்கள் சித்திரையில் கூலரைப் பிடித்துக்கொள்வார்கள். இந்த முறை வந்ததில் கம்ப்யூட்டர் ப்ராசஸரின் சூட்டைத் தணிக்கும் ஏர் கூலர் பற்றிய கேள்விகளை மட்டும் தனியே எடுத்துக்கொண்டேன்.

சார், கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஐ7-14700கே போட்டு புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போகிறேன். மொட்டைமாடிக்குக் கீழே அறை, ஏசி கிடையாது. கடையில் 360 எம்எம் லிக்விட் கூலர்தான் தாங்கும் என்கிறார்கள். எனக்குத் தண்ணீர் சமாச்சாரம் என்றாலே பயம். நாக்டுவா என்எச்-டி15 ஜி2 ஏர் கூலர் வாங்கினால் சமாளிக்குமா?
– மதுரை வாசகர்

சமாளிக்கும். ஆனால் பயாஸில் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டின் மென்பொருள்) ஒரு சின்ன வேலை இருக்கிறது. அதை முடித்துவிட்டால் அவ்வளவு விலை கொடுக்கவே தேவையிருக்காது.

அந்த ப்ராசஸருக்கு இன்டெல் சொல்லும் 125 வாட் என்பது அடிப்படை அளவு. உள்ளே கணக்குப் போடும் கோர்கள் எல்லாம் முழு வேகத்தில் ஓடினால் 253 வாட் வரை இழுக்கும். 100 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்ன சிலிக்கானிலிருந்து 253 வாட் வெளியே வரவேண்டும். எவ்வளவு பெரிய கூலர் மாட்டினாலும் அது சுலபமில்லை.

அடுத்தது உங்கள் அறை. கூலர் எதுவானாலும் அறைக் காற்றை வைத்துத்தான் வேலை செய்யும். யூடியூபில் சோதித்துக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஏசி அறையில் 22, 24 டிகிரியில் செய்கிறார்கள். சித்திரை மதியம் உங்கள் மாடி அறை 37 இருக்கும். 24 டிகிரி அறையில் 85 காட்டிய கூலர் உங்களிடம் 98 காட்டும். கூலரைக் குறை சொல்லிப் பயனில்லை. லிக்விட் கூலருக்கும் இதே கதைதான். அதன் ரேடியேட்டருக்குள் போவதும் அதே 37 டிகிரி காற்று. உள்ளே இருக்கும் நீர் சூடேறச் சில நிமிடம் ஆகும் என்பதால் ஆரம்பத்தில் நன்றாகத் தெரியும். இரண்டு மணி நேர எக்ஸ்போர்ட்டில் அந்தச் சலுகை தீர்ந்துவிடும். கூடவே அதில் பம்ப் என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏர் கூலரில் கெட்டுப்போவதற்கு இருப்பது ஃபேன் மட்டும்தான். அதைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம்.

சரி, பயாஸ் வேலை. முதலில் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புது பயாஸை எடுத்து ஏற்றுங்கள். 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுக் கெட்டுப்போகும் குறைக்கு 2024இல் இன்டெல் திருத்தங்களை வெளியிட்டது. வாரண்டியையும் 2 ஆண்டு கூட்டித் தந்தது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் பவர் லிமிட் என்று இரண்டு எண்கள் இருக்கும், பிஎல்1, பிஎல்2 என்று. இரண்டிலும் 180 போடுங்கள். பத்து நிமிட எக்ஸ்போர்ட் பதினோரு நிமிடம் ஆகலாம், அவ்வளவுதான். கடைசி கொஞ்ச வேகத்துக்குத்தான் ப்ராசஸர் இவ்வளவு மின்சாரத்தை விழுங்குகிறது. உங்கள் எடிட்டிங் மென்பொருள் எக்ஸ்போர்ட்டை கிராபிக்ஸ் பக்கம் தள்ளிவிட்டால் அந்த ஒரு நிமிடமும் தெரியாது.

180 வாட் என்றால் தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ போதும். சூட்டைக் கடத்தும் ஹீட் பைப் ஆறு, இரண்டு 120 எம்எம் ஃபேன். இன்னும் கொஞ்சம் தெம்பு வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் பாண்டம் ஸ்பிரிட் 120 எஸ்இ, அதில் ஏழு பைப். நாக்டுவாவின் விலையில் இவற்றில் மூன்று வாங்கலாம். அப்படியானால் நாக்டுவா எதற்கு? சத்தம் குறைய. எட்டு பைப்பும் இரண்டு 140 எம்எம் ஃபேனும் இருப்பதால் அதே வெப்பத்தைக் குறைந்த சுற்றில் சமாளிக்கும். கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே மைக் வைத்துக் குரல் பதிவு செய்கிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். 6 ஆண்டு வாரண்டியும் உண்டு. மற்றபடி உங்கள் பட்டியலில் நான் பார்த்த கேபினெட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. மிச்சமாகும் பணத்தில் அதை மாற்றி, முன்னால் வலை வைத்த கேபினெட்டாக எடுங்கள். மூச்சு விட வழியில்லாத பெட்டிக்குள் எந்தக் கூலரும் தன் சூட்டையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

அண்ணா, பழைய என்எச்-டி15 ஒன்று நல்ல விலைக்குக் கிடைக்கிறது. என் கேபினெட்டில் கூலர் உயரம் 160 எம்எம் வரை என்று போட்டிருக்கிறது. ஐந்து எம்எம்தானே வித்தியாசம், அமுக்கி மூடிவிடலாமா?
– சேலம் வாசகி

வேண்டாம்மா. அமுக்கினால் கண்ணாடியும் போகும், மதர்போர்டும் போகும். அதோடு வித்தியாசம் ஐந்தோடு நிற்காது. அந்தக் கூலரின் 165 எம்எம் என்பது முன் ஃபேனுக்குக் கீழே 32 எம்எம்முக்கு மிகாத ரேம் இருந்தால்தான். விளக்கு எரியும் ரேம் எல்லாம் 44 எம்எம் சுமாருக்கு நிற்கும். அதற்காக ஃபேனைக் கிளிப்போடு மேலே ஏற்றி மாட்டுவார்கள். உயரம் 175ஐத் தாண்டிவிடும். கேபினெட் அளவு பார்ப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். முன் ஃபேனைக் கழற்றிவிட்டு நடு ஃபேனோடு ஓட்டலாம், ரேம் தொல்லை தீரும். ஆனாலும் உயரச் சிக்கல் தீராது.

எந்தக் கூலருக்கும் பணம் கொடுப்பதற்கு முன், பழைய கூலரைக் கழற்றி, ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசியிருக்கும் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, கேபினெட்டைப் படுக்கவைத்து, ஒரு ஸ்டீல் ஸ்கேலை ப்ராசஸரின் மேல் லேசாக நிமிர்த்திப் பிடியுங்கள். ஸ்கேலின் நுனியில் சைபர் தொடங்குவதற்கு முன் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேபினெட்டின் ஓரத்துக்குக் குறுக்கே இன்னொரு ஸ்கேலை வைத்தால் எத்தனை எம்எம் என்று பளிச்சென்று தெரிந்துவிடும். உங்களுக்கு 155 எம்எம் உயரமுள்ள பீர்லெஸ் அசாசின் பொருந்தும். டீப்கூல் ஏகே620 சரியாக 160. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூடி மூடும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

சார், ரைசன் 7 7800எக்ஸ்3டி வைத்திருக்கிறேன். கேம் ஆடும்போது 80 டிகிரி காட்டுகிறது. பயமாக இருக்கிறது. இருப்பதிலேயே பெரிய கூலர் எது?
– கோவை, கல்லூரி மாணவர்

தம்பி, பயப்படாதே. அந்த ப்ராசஸரின் எல்லை 89 டிகிரி. கேமில் அது இழுப்பது நூறு வாட்டுக்கும் கீழேதான். அப்படியும் சூடு காட்டுவதற்குக் காரணம், கூடுதல் கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) கோர்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. வெப்பம் அதைத் தாண்டித்தான் கூலருக்கு வரவேண்டும். அங்கே சிக்கிக்கொண்ட சூட்டைப் பெரிய கூலர் வெளியே இழுத்துவிட முடியாது. இரண்டு மூன்று டிகிரி குறையும், அவ்வளவே. 2024இல் வந்த 9800எக்ஸ்3டியில் ஏஎம்டி அந்தக் கேஷைக் கோர்களுக்கு அடியில் மாற்றி வைத்தது. பெரிய கூலருக்கான பணத்தை கிராபிக்ஸ் கார்டுக்கு எடுத்து வை. கூலரின் தலையில் திரை வைத்து டிகிரியைக் காட்டும் மாடல்களையும் விட்டுவிடு. எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கேம் ஆட முடியாது.

ஹீட் பைப் என்கிறீர்களே, அது வெறும் செப்புக் கம்பிதானே? உள்ளே திரவம் இருக்கிறது, கசிந்தால் போர்டு போய்விடும் என்கிறார் நண்பர். எது சரி?
– காரைக்குடி வாசகர், ஆசிரியர்

நண்பர் சொல்வதில் பாதி சரி. அது குழாய். உள்ளே காற்றை எடுத்துவிட்டுத் துளியளவு நீரை விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் இல்லாததால் அந்த நீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காமல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். இட்லிப் பானை மூடியில் ஆவி முட்டி நீராகத் திரும்பி விழுகிறதே, அதுதான் நடக்கிறது: ப்ராசஸர் பக்கம் ஆவியாகி, தகடுகள் பக்கம் போய்க் குளிர்ந்து, திரும்புகிறது.

ஒரு பழைய கூலரின் பைப்பை ஆக்ஸா பிளேடால் அறுத்துப் பார்த்திருக்கிறேன். சொட்டுக்கூட விழவில்லை. உள்சுவர் முழுக்கச் செப்புத் தூளை ஒட்டவைத்தது போலச் சொரசொரப்பு, விரலில் லேசான ஈரம். அந்தச் சொரசொரப்புதான் நீரைத் திரி போல உறிஞ்சித் திரும்பக் கொண்டுவருகிறது. அதனால்தான் கூலர் படுத்த வாக்கில் இருந்தாலும் வேலை செய்கிறது. கசிந்து போர்டை நனைக்கும் அளவுக்கு அதில் நீர் இல்லை.

பேஸ்ட் எவ்வளவு போட வேண்டும்?
– திருச்சி வாசகர்

நடுவில் பட்டாணி அளவு. ரைசன் 7000, 9000 என்றால் நான்கு மூலைகளிலும் இன்னும் சின்னதாக ஒவ்வொரு புள்ளி. பேஸ்ட்டைவிட முக்கியம், கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிப்பது. ‘புது கூலர், 95 டிகிரி’ என்று வரும் பெட்டிகளைத் திறந்தால் அந்தத் தாள் சிரித்துக்கொண்டிருக்கும். ஸ்க்ரூக்களை ஒரு பக்கமாக முழுக்க முடுக்காதீர்கள். இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று. தானே நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

தூத்துக்குடியில் கடலோரம் வீடு. கூலரை எப்படிச் சுத்தம் செய்வது? அடுத்த மாதம் கம்ப்யூட்டரை பஸ் பார்சலில் சென்னைக்கு அனுப்ப வேண்டும், அப்படியே அனுப்பலாமா?
– தூத்துக்குடி வாசகர்

அப்படியே அனுப்பாதீர்கள். பெரிய கூலர் ஒன்றரைக் கிலோ வரும். கேபினெட் நிற்கும்போது அவ்வளவும் மதர்போர்டிலிருந்து பக்கவாட்டில் தொங்குகிறது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும். கூலரைக் கழற்றித் தனியாகத் துணி சுற்றி அனுப்புங்கள். கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓட்டினால் பேஸ்ட் இளகும். ஏஎம்4 சாக்கெட் (பழைய ரைசன்கள் உட்காரும் இடம்) என்றால் நேரே இழுக்காமல் லேசாகத் திருகி எடுங்கள், இல்லையென்றால் ப்ராசஸரும் கூடவே வந்துவிடும்.

கடலோரத்தில் உப்பும் ஈரமும் தூசியைத் தகடுகளில் அப்பிவிடும். புளோயர் மட்டும் அதற்குப் போதாது. ஃபேன்களைக் கழற்றிவிட்டு, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தகடுகளின் இடுக்கு வழியாக மேலிருந்து கீழே தள்ளுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். திரும்ப மாட்டும்போது திசையைப் பாருங்கள்: ஃபேனின் நடு மோட்டாரைத் தாங்கும் சட்டம் தெரியும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். அந்தப் பக்கம் கேபினெட்டின் பின்புறத்தைப் பார்த்து இருக்கட்டும்.