ஒரே கூட்டத்தில் நாலு பேர் திரை: கேட்டவர்களுக்குப் பதில்

மன்னார்குடியில் கணினி பழுது பார்க்கிறேன், வகுப்பும் எடுக்கிறேன். வீடியோ கூட்டத்தில் ஒரே நேரத்தில் பலர் திரையைப் பகிர்வது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லி வாய் மூடவில்லை, கும்பகோணத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வரை கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கும்பகோணம், கணக்கு டியூஷன் ஆசிரியை: சார், பிளஸ் டூ பிள்ளைகள் ஆறு பேருக்கு ஜூமில் வகுப்பு எடுக்கிறேன். ஒரே தொகையிடல் கணக்கை நாலு பேர் நாலு விதமாகப் போடுகிறார்கள். நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசலாம் என்றால், ஒரு பையன் பகிர்ந்ததும் அடுத்தவனால் முடியவில்லை. ஏன்?

டீச்சர், ஒருவர் பகிரும்போது இன்னொருவர் சேர்ந்துகொள்ளும் வசதியை நீங்கள்தான் திறந்துவிட வேண்டும். கூட்டத்தை நடத்துபவரின் கணினியில் 'ஷேர்' பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் ஒரு நேரத்தில் ஒருவரா, ஒரே நேரத்தில் பலரா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆனால் நாலு திரையும் நாலு கட்டமாக வந்து நிற்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரே மானிட்டர் என்றால் கடைசியாகப் பகிர்ந்தவரின் திரைதான் முன்னால் வரும். மற்றவர்களுடையதை மேலே உள்ள பட்டியில் மாற்றி மாற்றித்தான் பார்க்க வேண்டும். அமைப்புகளில் இரட்டை மானிட்டர் வசதியைப் போட்டு, இரண்டாவது மானிட்டரையும் மாட்டினால் கடைசி இரண்டு திரைகள் ஒருசேரத் தெரியும். அவ்வளவுதான்.

இன்னொன்று, உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் போனில் இருப்பார்கள். வேறு யாரும் பகிராதபோதுதான் போனிலிருந்து பகிர முடியும். பார்க்கும்போதும் போனில் கடைசியாக வந்த திரை மட்டும்தான். அதனால் நான் சொல்வது: எல்லாரும் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். நாலையும் ஒரே கூகுள் ஸ்லைடில் ஒட்டி நீங்களே காட்டுங்கள். எந்த வரியில் பிள்ளை வழி தவறினான் என்று எல்லாருக்கும் தெரியும். என்னிடம் பல திரை வேண்டும் என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் தேவை இப்படி ஒரே பக்கம்தான்.

லால்குடி, தனியார் நிறுவன ஊழியர்: எங்கள் அலுவலகத்தில் டீம்ஸ், வீட்டில் கூகுள் மீட். இவற்றில் முடியுமா?

டீம்ஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். நீங்கள் பகிர ஆரம்பித்தால் முன்னவருடையது நின்றுவிடும். மீட்டில் இன்னொருவர் காட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அழுத்தினால், முதன்மையாகக் காட்டுபவர் இனி நீங்கள்தான், சம்மதமா என்று கேட்கும். பலர் சேர்ந்து காட்ட ஜூம், டிஸ்கார்டின் குரல் அறை, ஜிட்சி மீட் மூன்றும் ஒத்துவரும். ஜிட்சி திறந்த மூல மென்பொருள், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், பயன்படுத்தலாம். கணினியில் உலாவி இருந்தால் போதும், ஒவ்வொருவர் திரையும் தனிக் கட்டமாக வரும். ஜிட்சியின் பொதுத் தளத்தில் 2023 ஆகஸ்டிலிருந்து அறையைத் திறப்பவர் மட்டும் கூகுள் கணக்கு போன்ற ஒன்றால் உள்ளே நுழைய வேண்டும். மற்றவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சுவாமிமலை, சிலை வார்க்கும் பட்டறை: சிங்கப்பூர்க் கோயில்காரர்கள் தங்கள் பழைய உற்சவரின் படத்தைக் காட்டுவார்கள். நாங்கள் எங்கள் கோட்டுப் படத்தைக் காட்ட வேண்டும். மெழுகில் செய்து வைத்திருப்பதையும் சுற்றிக் காட்ட வேண்டும். மூன்றும் ஒரே கூட்டத்தில் நடக்குமா?

தாராளமாக நடக்கும் ஐயா. இந்த வசதியே உங்களைப் போன்றவர்களுக்குத்தான் என்று சொல்வேன். இரண்டு பேர், இரண்டு வேறு பொருள், இரண்டையும் ஒப்பிட்டுத்தான் பேச முடியும் என்ற நிலை இது.

படத்துக்கும் கோட்டுப் படத்துக்கும் இரண்டு கணினிப் பகிர்வு. அவர்களை முதலில் பகிரச் சொல்லுங்கள், நீங்கள் அப்புறம் பகிருங்கள். கடைசியில் வருவதுதான் எல்லாருக்கும் முன்னால் நிற்கும் என்பதால், ஒரே மானிட்டர் வைத்திருப்பவருக்கும் உங்கள் கோடு உடனே தெரியும்.

மெழுகுக்குத் திரைப் பகிர்வே வேண்டாம். ஒரு போனை இன்னொரு ஆளாகக் கூட்டத்தில் சேர்த்து, தாங்கியில் நிறுத்தி, பின்பக்கக் கேமராவைத் திருப்பிவிடுங்கள். அந்தப் போனில் மைக்கையும் ஒலியையும் இரண்டையும் அணைக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் பட்டறை முழுக்க ஊளைச் சத்தம்தான். சிங்கப்பூரில் இருப்பவர்கள் அந்த வீடியோவை 'பின்' (Pin) செய்துகொண்டால் திரைக்குப் பக்கத்தில் அது நிலையாக நிற்கும். மெழுகு பளபளக்கும், அதனால் விளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். கண், விரல் எல்லாம் அப்போதுதான் எடுபடும்.

ஒரு எச்சரிக்கை. திரையில் தெரியும் அளவு அளவே இல்லை. அவர் திரை ஒரு சைஸ், உங்கள் திரை ஒரு சைஸ். பேச்சுக்குத் திரை போதும். அளவுக்கு நீங்கள் ஓலையை மடித்துப் பிடிக்கிறீர்களே, அந்தக் கணக்குதான். அதை எண்ணாக எழுதி அனுப்பிவிடுங்கள்.

பாபநாசம், ஓய்வு பெற்றவர்: தம்பி, எனக்கு 68 வயது. பாகப்பிரிவினை பேச்சு நடக்கிறது. தாய்ப்பத்திரம் சார்ஜாவில் உள்ள என் தம்பியிடம். சென்னைத் தங்கையிடம் பட்டா நகல். புலப்படம் என்னிடம். மூவரும் ஒரே நேரத்தில் காட்டிக்கொள்ள வேண்டும்.

அய்யா, மூவரும் காட்ட ஆரம்பித்தால் யார் எதைக் காட்டுகிறார்கள் என்பதே தனி வழக்காகிவிடும். மூன்றையும் முன்கூட்டியே ஸ்கேன் செய்து ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள். பட்டா, சிட்டாவை அரசின் இணையச் சேவையிலேயே யாரும் திறந்து பார்க்கலாம். ஒப்பிட வேண்டியது முக்கியமாக இரண்டு: பத்திரத்தில் எழுதியிருக்கும் நான்கெல்லை, புலப்படத்தில் உள்ள அளவு. விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையோடு இடது அம்பை அழுத்தினால் ஒரு ஆவணம் இடப்பாதியில் ஒட்டிக்கொள்ளும். வலது அம்புக்கு மற்றது வலப்பாதியில். அந்த முழுத் திரையை ஒருவர் பகிர்ந்தால் போதும்.

தம்பியும் தங்கையும் தங்கள் கையில் இருப்பதைத் தாங்களே காட்ட வேண்டும் என்று நிற்பார்கள். நம்பிக்கை விஷயம், அதில் நான் தலையிட முடியாது. அப்படியானால் முதல் பதிலில் சொன்னபடி பலர் பகிர்வைத் திறந்துவிடுங்கள். இலவச ஜூம் கூட்டம் 40 நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். சொத்துப் பேச்சில் அது நல்லதுக்கும் இருக்கலாம்.

திருத்துறைப்பூண்டி, கல்லூரி மாணவி: அண்ணா, எனக்குத் தினம் 1.5 ஜிபிதான். நாலு பேர் பகிர்ந்தால் நாலு மடங்கு டேட்டா போகுமா?

போகாதும்மா. கல்லணையை நினைத்துக்கொள். மேலிருந்து வரும் தண்ணீர் அங்கே வந்துதான் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. கூட்டத்திலும் ஒவ்வொருவர் திரையும் ஒரே ஒரு தடவை சர்வருக்கு, அதாவது செயலி நிறுவனத்தின் மையக் கணினிக்குப் போகிறது. பிரித்து அனுப்புவது சர்வரின் வேலை. நீ பகிர்ந்தால் பார்ப்பவர் பத்துப் பேரானாலும் உன் போனிலிருந்து ஏறுவது ஒரு பங்குதான். ஜூமில் போனில் பார்க்கும்போது ஒரு திரைதான் தெரிகிறது என்று மேலே சொன்னேன் இல்லையா, அதனால் இறங்குவதும் கட்டுக்குள் இருக்கும். ஜிட்சியில் கட்டங்கள் கூடக் கூடச் செலவும் கூடும்.

ஜூம் தரும் கணக்குப்படி, வீடியோ இல்லாத வெறும் திரைப் பகிர்வுக்கு நொடிக்கு 50 முதல் 75 கிலோபிட். ஒரு மணி நேரத்துக்கு 34 எம்பி வரைதான். எழுத்து அசையாமல் நிற்பதால் மாறுகிற பகுதியை மட்டும் அனுப்பினால் போதும். அதுவே 720பி தரத்தில் முகங்களைப் பார்த்தால் நொடிக்கு 1.8 மெகாபிட், மணிக்கு 800 எம்பி! உன் டேட்டாவைத் தின்பது திரை இல்லை, முகம். வீடியோவை அணைத்துவிடு.

திருவையாறு, பாட்டு ஆசிரியை: இரண்டு மாணவிகள் ஒலியோடு பகிர்ந்து சேர்ந்து பாட வைக்கலாமா?

வேண்டாம் அக்கா. எந்தச் செயலியிலும் ஒலி வந்து சேரக் கொஞ்சம் தாமதம் ஆகும், தாளம் நிற்காது. ஒருவர் பாட, மற்றவர் கேட்டுப் பாடட்டும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு வசதி உண்டு, அதைப் போட்டால் சுருதியைச் சத்தம் என்று நினைத்து வெட்டாது.

நீடாமங்கலம், உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்: வரவு செலவு காட்டும்போது ஓர் உறுப்பினர் தெரியாமல் எதையோ அழுத்த, கணக்குக்குப் பதிலாக அவர் பேத்தியின் பிறந்தநாள் படம் வந்து நின்றது. எப்படித் தடுப்பது?

பகிரும் உரிமையை நடத்துபவருக்கு மட்டும் என்று வைத்துத் தொடங்குங்கள். குறுவைக்கு வாங்கிய விதையின் பில்லும் இருப்புப் பதிவும் ஒப்பிட வேண்டிய பத்து நிமிடம் மட்டும் பலருக்குத் திறந்துவிட்டு, முடிந்ததும் மூடிவிடுங்கள்.

முழுத் திரையைப் பகிராமல் வேண்டிய ஜன்னலை மட்டும் பகிரச் சொல்லுங்கள். இது நான் பட்டுத் தெரிந்தது. நாற்பது பேருக்கு எக்செல் சொல்லிக்கொடுக்கும்போது மூலையில் என் மனைவியின் செய்தி வந்தது: "கத்திரிக்காய் போன தடவை மாதிரி புழுவோடு வாங்கி வராதீங்க." வகுப்பு முடியும்வரை அதைப் பற்றித்தான் சிரித்தார்கள். என்னுடையது கத்திரிக்காய், உங்களுடையது வங்கியின் ஓடிபியாக இருந்தால்? போனில் பகிரும்போது அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். அப்புறம், வங்கி, போலீஸ் என்று சொல்லி யாராவது வீடியோ அழைப்பில் திரையைப் பகிரச் சொன்னால் துண்டித்துவிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள்.

மயிலாடுதுறை, மேக் வைத்திருப்பவர்: நான் பகிர்ந்தால் மற்றவர்களுக்கு டெஸ்க்டாப் படம் மட்டும் தெரிகிறது. ஜன்னல் எதுவும் தெரியவில்லை.

2019இல் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்பிலிருந்து மேக்கில் திரையைப் பதிவு செய்யத் தனி அனுமதி வேண்டும். அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதிக்குப் போய், திரைப் பதிவு என்ற இடத்தில் ஜூமுக்கு அனுமதி கொடுங்கள். கொடுத்ததும் ஜூமை முழுதாக மூடித் திறக்க வேண்டும். இதை மறந்துவிட்டு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி என் கடைக்கே வந்துவிட்டார் ஒருவர். மூடித் திறந்து கொடுத்தேன், காசு வாங்க மனசு வரவில்லை. டீயை அவர் வாங்கிக் கொடுத்தார்.