நின்றபடியே தலைகீழாக

கேள்வி: ஜோஹன்னஸ்பர்க் கோல்ட் ரீஃப் சிட்டி பொழுதுபோக்குப் பூங்காவில் அனகோண்டா ரோலர் கோஸ்டரில் ஏறியிருக்கிறோம். கால் தொங்கினாலும் உட்கார்ந்துதானே போகிறோம்! அமெரிக்கா போகும் என் மகன் நின்றுகொண்டே போகும் ரோலர் கோஸ்டரில் ஏறப்போகிறானாம். எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: கலிஃபோர்னியாவின் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் மேஜிக் மவுன்டன் பூங்காவில் 1998-இல் திறந்த ரிட்லர்ஸ் ரிவெஞ்ச் இந்த ரகம்தான். ஆறு முறை தலைகீழாகப் புரட்டும். உயரம் 137 செ.மீ.க்குக் குறைந்தால் ஏற்ற மாட்டார்கள்.

சூட்சுமம் முழுக்கக் கால்களுக்கு நடுவே இருக்கும் சைக்கிள் சீட் மாதிரியான சின்ன இருக்கையில். ஆளின் உயரத்துக்கேற்ப அது மேலும் கீழும் நகரும். கிளம்புமுன் பூட்டிவிட்டால் அப்புறம் அசையாது. பூட்டும்போது பாதத்தை முழுசாகப் பதித்து, முழங்காலைச் சற்றே மடக்கி நிற்கட்டும். குதிகாலைத் தூக்கி நின்றால் தொலைந்தது: தலைகீழாகச் சுற்றும் வளையத்தின் (லூப்) அடியில் உடம்பு பல மடங்கு கனக்கும்போது குதிகால் இறங்கி, எடை மொத்தமும் இருக்கையில் விழும். எங்கே வலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை! தலையையும் பின்னால் சாய்த்தே வைக்கட்டும். இல்லாவிட்டால் தோளை அழுத்தும் கம்பியில் காது இடிபடும்.

ஒஹையோ பக்கம் போனால் சீடர் பாயின்ட் பூங்காவில் மான்டிஸ் என்ற நின்றுபோகும் கோஸ்டரைத் தேட வேண்டாம். அதை 2015-இல் உட்காரும் வண்டியாக்கி ரூகரூ என்று பெயரையும் மாற்றிவிட்டார்கள்.