சிறுநீரில் இரண்டு பிளஸ், ரத்தத்தில் 0.4: எந்தக் கீட்டோன் கணக்கு சரி?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. டைப் 1 சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறாள். போன வாரம் காய்ச்சலும் வாந்தியுமாக இருந்தாள், சர்க்கரை 410. சிறுநீர் ஸ்ட்ரிப்பில் ஒரு பிளஸ்தான் காட்டியது என்று அரை நாள் பொறுத்துவிட்டேன். மருத்துவமனையில் ரத்தக் கீட்டோன் 4.8 என்று சொல்லி ஐசியுவில் சேர்த்தார்கள். மறுநாள் ரத்தத்தில் 0.4 ஆகிவிட்டது, ஆனால் சிறுநீரில் இரண்டு பிளஸ். நான் எதை நம்புவது, டாக்டர்?

பதில்: ரத்தப் பரிசோதனையைத்தான் நம்ப வேண்டும் அம்மா. காத்திருந்ததற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அந்த ஸ்ட்ரிப் நிறைய பேரை இப்படி ஏமாற்றியிருக்கிறது.

இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரிக்கிறது. அதில்தான் கீட்டோன்கள் உண்டாகின்றன. முக்கியமானவை இரண்டு: அசிட்டோ அசிடேட், பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட். சிறுநீர் ஸ்ட்ரிப்பில் இருக்கும் நைட்ரோபுருசைடு என்ற ரசாயனத்துக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். நிலைமை மோசமாகும்போது ஏகத்துக்கும் பெருகுவதோ இரண்டாவது. அதனால்தான் உங்கள் மகள் ஆபத்தில் இருந்தபோதும் ஒரு பிளஸ் மட்டும் வந்தது. போதாததற்கு, சிறுநீர் பல மணி நேரத்துக்கு முந்தைய நிலையைச் சொல்கிறது. டப்பாவைச் சரியாக மூடாமல் ஈரக்காற்று பட்ட ஸ்ட்ரிப்பும் குறைத்துக் காட்டும்.

சிகிச்சை தொடங்கியதும் கதை தலைகீழாகிறது. இன்சுலினும் டிரிப்ஸும் ஏறும்போது இரண்டாவது கீட்டோன் முதலாவதாக மாறுகிறது. பிள்ளை தேறிக்கொண்டிருப்பாள், ஸ்ட்ரிப்பின் நிறம் மட்டும் கறுத்துக்கொண்டே போகும்.

ஆய்வகமும், விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும் கீட்டோன் மீட்டரும் அந்த இரண்டாவதையே நேராக அளக்கின்றன. லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்குக் கீழே என்றால் பயமில்லை. 0.6 முதல் 1.5 வரை என்றால், டாக்டர் சொல்லி வைத்த கூடுதல் இன்சுலினைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். 1.5 தாண்டினால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். 3 வந்துவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாந்தி நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, பிள்ளை சோர்ந்து துவள்கிறாள் என்றால் எந்த எண்ணுக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

மீட்டர் ஸ்ட்ரிப் விலை அதிகம்தான், தெரியும். தினமும் தேவையில்லை, காய்ச்சல், வாந்தி வரும் நாட்களுக்காகச் சில வாங்கி வைத்து, காலாவதி தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் சாப்பிடவில்லை என்பதற்காக அந்த நாட்களில் நீண்டநேர இன்சுலினை நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், அந்த இரண்டு பிளஸ். ரத்தத்தில் 0.4 இருக்கும்போது, அதைக் குறைப்பதற்காகக் கூடுதல் இன்சுலின் போட்டுவிடாதீர்கள். லோ சுகர் ஆகிவிடும்.