கொசுவழி நோய் ஆராய்ச்சிக்குப் போக பிசிஆர் தெரிந்தால் போதுமா?

கேள்வியின் சுருக்கம்: "எம்.எஸ்சி. மருத்துவ உயிரித்தொழில்நுட்பம் முடித்திருக்கிறேன். பிசிஆர், குளோனிங் தெரியும். டெங்கு, மலேரியா கட்டுப்பாட்டு ஆராய்ச்சிக்குப் போக இது போதுமா? அங்கே அன்றாட வேலை என்ன?"

போதாது. பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் சோதனை) தெரிந்தவர்கள் நிறையவே கிடைக்கிறார்கள். ஒரே வயதில், ஒரே பருமனில், கேட்ட நாளில் நூறு பெண் கொசுக்களை வளர்த்துத் தருகிறவர் கிடைப்பதுதான் அரிது. முதல் ஆறு மாதம் கொசு வளர்ப்பறையில்தான் போகும் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசுவுக்கு 27 டிகிரி செல்சியஸ் வெப்பம், 75 சதவீத ஈரப்பதம், 12 மணி நேர வெளிச்சம் வேண்டும். வடிதாளில் இட்ட முட்டையை உடனே காயவைத்தால் குழிந்து சுருங்கிவிடும். கரு முதிர இரண்டு மூன்று நாள் ஈரத்தில் வைத்து, பிறகு உலர்த்தினால் மாதக்கணக்கில் கெடாது. பொரிக்கவைக்க, கொதித்து ஆறிய நீரில் தாளை அமிழ்த்துவார்கள். அந்த நீரில் ஆக்சிஜன் குறைவு. அதுதான் முட்டைக்குக் கிடைக்கும் சைகை. ஒரு தட்டில் ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் நீருக்கு 200 முதல் 300 புழுக்கள் போதும். நாய் பிஸ்கட் தூளும் ஈஸ்ட்டும்தான் தீனி. கூடிப்போனால் நீர்மேல் ஆடை படர்ந்து, ஒரே இரவில் தட்டு முழுக்கச் செத்துக் கிடக்கும். நெருக்கமாக வளர்த்தாலோ, சாகாவிட்டாலும் கொசு பொடிசாக வரும். பொடிசான கொசு பூச்சிமருந்துக்குச் சீக்கிரம் சாகும். உங்கள் சோதனை முடிவே சாய்ந்துவிடும். குழாய்த் தண்ணீரின் குளோரின், கூண்டேறும் எறும்பு, பக்கத்து அறையில் யாரோ அடித்த கரப்பான் ஸ்பிரே என எதிரிகள் பல வடிவில் வருவார்கள்.

கட்டுப்பாட்டுத் துறை அதிகம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "நாங்கள் அடிக்கும் மருந்துக்கு இந்த ஊர்க் கொசு சாகிறதா?" இதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் குழாய்ச் சோதனை இருக்கிறது. 3 முதல் 5 நாள் வயதுள்ள, ரத்தம் குடிக்காத பெண் கொசுக்கள், குழாய்க்கு 25 வீதம் நான்கு குழாய். மருந்து தோய்த்த தாளில் ஒரு மணி நேரம். பிறகு வேறு குழாய்க்கு மாற்றி, சர்க்கரைக் கரைசல் நனைத்த பஞ்சு வைத்து 24 மணி நேரம் கழித்து எண்ண வேண்டும். மருந்தில்லாத, எண்ணெய் மட்டும் தோய்த்த தாளில் இரண்டு குழாய் ஒப்பீட்டுக்கு. 98 சதவீதமும் அதற்கு மேலும் செத்தால் மருந்து கேட்கிறது. 90க்குக் கீழே என்றால் எதிர்ப்பு வந்துவிட்டது. நடுவில் நின்றால் சந்தேகம். திரும்பச் செய்ய வேண்டும்.

படிக்க எளிது. கெடுவது சின்ன இடங்களில். ரத்தம் குடித்த கொசு மருந்தைக் கூடுதலாகத் தாங்கும். இரண்டு மூன்று கலந்துவிட்டால் இல்லாத எதிர்ப்பு தெரியும். ஒரு தாளை ஆறு முறைக்கு மேல் பயன்படுத்தினால் அதில் மருந்தே தேய்ந்திருக்கும். நிற்க முடியாமல் காலை உதறிக்கொண்டு மல்லாந்து கிடப்பதை உயிரோடு இருப்பதாக எண்ணுவது புதியவர் எல்லாரும் செய்கிற தப்பு; அது செத்த கணக்கு. ஒப்பீட்டுக் கொசுவே செத்தால் ஆபட் சூத்திரம் கொண்டு திருத்த வேண்டும் (தொட்டியில் ஊற்றும் அபேட் மருந்துக்கும் இதற்கும் உறவில்லை). மருந்துத் தாளில் 92 சதவீதம், ஒப்பீட்டில் 8 சதவீதம் செத்திருந்தால், 92லிருந்து 8ஐக் கழித்து, அதை 100லிருந்து 8 போன மீதியான 92ஆல் வகுத்து, 100ஆல் பெருக்க 91.3 வரும். ஒப்பீட்டில் 20 சதவீதத்துக்கு மேல் செத்திருந்தால் திருத்தம் வேண்டாம், சோதனையையே தூக்கிப் போடுங்கள்.

உங்கள் பிசிஆர் இதற்குப் பிறகுதான் வருகிறது. வீட்டு ஸ்பிரேயில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் தாக்குவது கொசுவின் நரம்பிலுள்ள சோடியம் வாயிலை. அந்தப் புரதத்தின் 1534ஆம் இடத்தில் பினைல்அலனின் போய் சிஸ்டைன் வந்தால் மருந்து சரியாகப் பிடிக்காது. ஒரு கால் போதும் டிஎன்ஏ எடுக்க. ஆனால் மரபணு மாற்றம் இல்லை என்பதால் எதிர்ப்பு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். மருந்தைச் சிதைக்கும் நொதிகள் பெருகியும் கொசு தப்பிக்கும். அதை அறிய, அந்த நொதிகளை முடக்கும் பிபிஓ என்ற பொருள் 4 சதவீதம் தோய்த்த தாளில் முதலில் ஒரு மணி நேரம் வைத்துப் பிறகு மருந்துத் தாளுக்கு மாற்றுவார்கள். அப்போது சாவு கூடினால் நொதிதான் காரணம்.

கொசுவில் டெங்கு வைரஸ் தேடும்போதும் கண் வேண்டும். வயிறு சிவந்த கொசுவைத் தனியே பிரிக்காமல் மற்றவற்றோடு சேர்த்து அரைத்தால், நோயாளியிடம் அப்போதுதான் குடித்த ரத்தத்தின் வைரஸும் 'பாசிட்டிவ்' காட்டும். அந்தக் கொசு நோயைப் பரப்பும் நிலையில் இருந்தது என்று அதற்குப் பொருளில்லை. போதாக்குறைக்கு ரத்தத்தின் ஹீமோகுளோபின் பிசிஆரைத் தடுக்கும் வேறு.

இப்போது பலரையும் இழுப்பது வோல்பாக்கியா. இந்த பாக்டீரியா உள்ள ஏடிஸ் கொசுவில் டெங்கு வைரஸ் பெருகுவது மட்டுப்படுகிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த ஆய்வு, 2021இல் வெளியானது, டெங்கு 77 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. புதுச்சேரியில் உள்ள ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இத்தகைய கொசுக் குடிகளை உருவாக்கியதாக 2022இல் அறிவித்தது. மேலே சொன்ன அலுப்பூட்டும் குழாய்ச் சோதனை இங்கே எதற்கு என்று கேட்கலாம். ரியோ டி ஜெனிரோவின் துபியாகங்காவில் முதலில் விட்ட வோல்பாக்கியா கொசுக்கள் ஊரில் நிலைக்கவில்லை. ஊர்க் கொசுவுக்குப் பைரித்ராய்டு எதிர்ப்பு இருந்தது, ஆய்வகக் கொசுவுக்கு இல்லை. வீட்டு ஸ்பிரேயில் அவை மாண்டன. எதிர்ப்புள்ள ஊர்க் கொசுக்களோடு கலந்து வளர்த்து விட்டபோதுதான் நிலைத்தன. வெப்பமும் பார்க்க வேண்டும்: வோல்பாக்கியாவில் டபிள்யூமெல் என்ற வகை, வெயிலில் சுடும் தொட்டி நீரில் வளரும் புழுக்களில் குறைந்துபோகும், டபிள்யூஆல்பிபி என்ற வகை அதைவிடத் தாங்கும்.

நுழையும் வழிக்கு வருவோம். புதுச்சேரி மையமே பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. நடத்துகிறது, உங்களிடம் ஏற்கெனவே பட்டம் இருப்பதால் அது கட்டாயமில்லை. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெற்று பிஎச்.டி.யில் சேருவதே நேர் வழி. 2023 ஜனவரியிலிருந்து அது மாதத்துக்கு 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) ஆனால் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. திட்டப் பணியாளராகவும் சேரலாம், ஆனால் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். சேரும் நாளிலேயே முடியும் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. கொசு மருந்து, நோயறி கிட் தயாரிக்கும் நிறுவனங்களின் ஆய்வகங்களையும் கணக்கில் வையுங்கள்.

நேர்முகத் தேர்வுக்கு முன் ஒரு காரியம் செய்யலாம். கறுப்பு டப்பாவில் பாதி நீர் விட்டு, உள்ளே துணிப் பட்டை சுற்றி, வீட்டு நிழலில் வையுங்கள்; கொசு அந்தத் துணியில் முட்டையிடும். நான்கு நாளுக்கு ஒருமுறை மறக்காமல் பட்டையை எடுத்து நீரைக் கொட்டிவிட வேண்டும். மறந்தால் நீங்களே கொசு உற்பத்தி செய்தவராவீர்கள். சில முட்டைகளை வலை மூடிய டப்பாவில் வளர்த்து, வந்த கொசுவை ஃப்ரீசரில் வைத்துக் கொன்று, 10 மடங்கு லென்சில் முதுகைப் பாருங்கள். யாழ் வடிவ வெள்ளைக் கோடு என்றால் ஈஜிப்டி, நடுவில் ஒற்றைக் கோடு என்றால் இன்னொரு ஏடிஸ் இனமான ஆல்போபிக்டஸ். செதில் உதிர்ந்த கொசுவில் இரண்டும் தெரியாது. ஆகவே கையில் பிடித்துத் தேய்க்காமல் எடுக்கப் பழகுங்கள்.